மீதிச் சில்லறை

வானொலியில் மரண அறிவிப்பு வாசிப்பவள்
குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்வாள்.
கனபடி. மருதென் கனபடி.
ரோஸ் ஹில். வயது எழுபத்தொன்பது.
வீட்டிலிருந்து மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.
உடனே அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.
பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் கையில் யாருடையதோ மீன் டின் இருந்தது.
இரண்டு முறை பில் போட்டுவிட்டேன்.

கணபதிதான் அது.
கப்பலடிக் குமாஸ்தாவின் காதில்
கனபடி ஆகி, அப்படியே நின்றுவிட்டது.

அட்டையில் செய்த பஸ். ஏழாம் நம்பர்.
சக்கரங்கள் வரைந்தவை.
வியாழன் மாலை ஐந்தரைக்கு
எங்கும் போகாமல் அது புறப்படும்.
தொப்பி வைத்த வாத்து ஏறும்,
கடன் சொல்லும் கீரி ஏறும்,
தோல்பையைக் குலுக்கிக்கொண்டு கண்டக்டர் வருவார்.

வாத்து ஐந்து ரூபாய் நீட்டும்.
டிக்கெட் ஒன்றே முக்கால்.
அவர் மீதி இரண்டு ரூபாய் கொடுப்பார்.

"பா போன்!"
தீவு முழுக்கப் பிள்ளைகள் கத்துவோம்.
பக்கத்து வீட்டு நஜ்மாவின் குரல்
தகரத்தைத் தாண்டி வந்து என் குரலோடு மோதும்.
அவர் காதில் கைவைத்துக் கேட்பார்,
நெற்றியில் அடித்துக்கொள்வார்,
மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.
கணக்கில் நான் புலி என்று
எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.
அவரைவிடத் தேவலை என்று
நானே கண்டுபிடித்ததுதான்.

நிகழ்ச்சி முழுக்கக் கிரியோல்.
ஒரே ஒரு நாள், தும்மல் வந்து,
"முருகா" என்றார்.
வெட்டாமல் விட்டுவிட்டார்கள்.
அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றார்.
அடுத்த வியாழனும், அதற்கடுத்த வியாழனும்
அவர் தும்முவதற்காகக் காத்திருந்தோம்.

இரண்டு வருடம் முன்பு,
சூறாவளி எச்சரிக்கை இரண்டிலிருந்து மூன்றாகிற மத்தியானம்,
என் வரிசையில் நின்றார்.
மெழுகுவர்த்தி, ரொட்டி, பேட்டரி.
பின்னால் முப்பது பேர், முப்பது தண்ணீர்க் கட்டு.
நூற்று எண்பத்தேழு ரூபாய் என்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு எண்ணி வைத்தார்.

எனக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது.
"பா போன்!" என்றேன், சிரித்துக்கொண்டே,
வரிசைக்கே கேட்கும்படி.

அவர் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை.
மறுபடி எண்ணினார்.
நூற்றுப் பன்னிரண்டு.
இன்னொரு முறை எண்ணத் தொடங்கி
நடுவில் நிறுத்தினார்.
உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார்.
நாணயங்களுக்கு நடுவே
ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தது.

நான் எடுத்தேன்.
ஒவ்வொன்றாக, உரக்கச் சொல்லி,
அவர் சொல்கிற அதே ராகத்தில் இழுத்து,
பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு என்று தோன்றும்படி.
பொத்தானைக் கையிலேயே விட்டு மூடினேன்.
அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை.
ரொட்டியை மறந்துவிட்டுப் போனார்;
ஓடிப்போய்க் கொடுத்தேன்.
"மெர்சி, மதாம்" என்றார்.

இன்று இரண்டு மணிக்கு லீவு கேட்டேன்.
மேற்பார்வையாளர் ஜோஸியான் லீ
பேனாவை எடுக்காமலே, "யார் செத்தது, உறவா?" என்றாள்.
கண்டக்டர் என்றேன்.
எந்தக் கண்டக்டர் என்று நிமிர்ந்தவள்
என் முகத்தைப் பார்த்தாள்.
"ஏழாம் நம்பரா?"
அவளும் என் வயதுதான்.
என் கல்லாவில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

ரோஸ் ஹில் பஸ்ஸில் கூட்டமில்லை.
காதில் ஒயர் மாட்டிய பையன் ஒருவன்
நூறு ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு
டிக்கெட்டைக் கிழித்தான்,
மீதியைக் கையில் கொட்டினான்.
எண்ணினேன்.
சரியாக இருந்தது.
ஜன்னல் பக்கம் திரும்பி
இன்னொரு முறை எண்ணினேன்.

சரியாகத்தான் இருந்தது.